நாலாவது புகைபோக்கி

“என்னங்க இது, வீடெல்லாம் ஒரே புகை நாத்தம்?”

கடைக்குப் போன மனைவி அதற்குள் திரும்பிவிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“இங்க வந்து பாரேன், நம்ம கப்பல் புகை விடுது!”

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த மாதிரிக் கப்பலின் கடைசிப் புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை சுருள் சுருளாக எழுந்துகொண்டிருந்தது.

“அசல் கப்பல் மாதிரியே இருக்கணும்னு உள்ள ஒரு சின்ன ஏற்பாடு பண்ணியிருக்கேன். பழைய கப்பல்களைக் காப்பாத்துறதுக்குன்னு சங்கம் வெச்சிருக்கோமே, அவங்க ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா அசந்துடுவாங்க!”

“ரொம்ப அழகா இருக்குங்க.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் காலத்துப் பயணிகள் கப்பல்களைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே, கல்யாணமான நாளிலிருந்து கொட்டாவி விடுகிறவள் அவள்.

“ஆனா ஒண்ணு. இந்தக் கப்பல்ல முதல் மூணுதான் நிஜப் புகைபோக்கி, நாலாவது கம்பீரத்துக்கு வெச்ச டம்மி, அதுல புகையே வராதுன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே?”

அவர் அவசரமாகப் புகையைக் கையால் விசிறிக் கலைத்தார்.

கப்பல் வேலைக்கென்று அவர் வைத்திருந்த இடுக்கியை எடுத்து, மனைவி நாலாவது புகைபோக்கிக்குள் விட்டாள். பாதி எரிந்த சிகரெட் ஒன்று வெளியே வந்தது. அதை அணைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்:

“டாக்டர் உங்க நெஞ்சுல வெச்ச ஸ்டென்ட் டம்மி இல்லீங்க.”