பதினேழு வளைவுகள்

“தூங்க விட்டுறாதீங்கக்கா! ஏதாச்சும் பேச்சுக் குடுத்துக்கிட்டே போங்க. நான் பைக்குல பின்னாடியே வர்றேன்!”

எஸ்டேட் மேஸ்திரி யோகராஜ் ஜீப்பின் பின்கதவை அறைந்து சாத்தினான். ஏலக்காய் பறிக்கையில் பாறையில் வழுக்கி விழுந்த பெண், சுசித்ராவின் மடியில் தலைசாய்த்துக் கிடந்தாள். இருபது வயதிருக்கும். தலையில் சுற்றியிருந்த துண்டில் ரத்தம் ஊறியிருந்தது.

“வெரசாப் போங்கண்ணே!” என்றாள் சுசித்ரா.

“மூடுபனியால்ல கெடக்கு. பதினேழு வளைவும்மா. உருட்டி உருட்டித்தான் எறக்கணும்” என்றார் டிரைவர் தவசி.

சுசித்ரா அன்றுதான் போடிமெட்டு அறையைக் காலி செய்துவிட்டு, மலையிறங்க இந்த ஜீப்பில் ஏறியிருந்தாள்; வழியில்தான் யோகராஜ் கைகாட்டி நிறுத்தினான். எட்டு வருடம் பெங்களூரில் வீடியோ கேம்களுக்குக் கதையும் வசனமும் எழுதியவள். வேலையை விட்டுவிட்டு விண்வெளி நாவல் ஒன்று எழுதினாள். ‘முப்பது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை’ என்று மூன்றாவது பதிப்பகமும் முந்தின நாள் கைவிரித்துவிட்டது. சாயங்கால ரயிலைப் பிடித்தால் மதுரை. அங்கிருந்து மறுபடி பழைய கம்பெனி.

“உன் பேரு என்னம்மா?”

பெண்ணின் கண்கள் செருகின.

சுசித்ரா அவள் கன்னத்தைத் தட்டினாள். என்ன பேசுவது? அவளிடம் இருந்தது ஒரே கதைதான். யாருக்கும் வேண்டாத அந்தக் கதை.

“ஒரு கப்பலு. வானத்துல போற கப்பலு. அதை ஓட்டுறது உன்னைய மாதிரி ஒரு பொண்ணு. வழி தவறிடுச்சு...”

பெண்ணின் இமைகள் மறுபடி மூடின. சட்டென்று சுசித்ராவுக்குப் பழைய வேலை நினைவு வந்தது. கேமில் கதையைச் சொன்னால் மட்டும் போதாது. ஆடுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ரெண்டு வழி. இது நெருப்பு ஆறு. இது இருட்டு. எதுல போவோம்? பிடி!”

அந்தப் பெண் விரல்களைப் பார்த்தாள். சுசித்ராவின் முகத்தைப் பார்த்தாள். மெல்லக் கை தூக்கி ஒரு விரலைப் பற்றினாள்.

“இருட்டா! பயமே கிடையாதா உனக்கு?”

அதன்பிறகு வளைவுக்கு ஒரு கேள்வி. கதையில் வந்த ரோபோவுக்காக சுசித்ரா மூக்கால் பேசியபோது, காய்ந்த உதடுகளில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பூதமாக உறுமியபோது விரலைப் பற்றிய பிடி இறுகியது.

“அந்த ரோபோவ நம்பாத தாயி! அவன் துரோகிப் பய!” என்று தவசியும் ஹாரனை அடித்துக்கொண்டே கத்தினார்.

போடி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது, கதையில் கப்பல் கடைசி வாசலில் நின்றிருந்தது. பெண் இன்னும் விழித்திருந்தாள்.

தையல் போட்டு, ஸ்கேன் எடுத்து முடித்துவிட்டு டாக்டர் வந்தார். “பயப்பட ஒண்ணும் இல்ல. உள்ள போய்ப் பாருங்க.”

ரயில் போயிருக்கும். சுசித்ராவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பதினேழு வளைவிலும் ஒரு உயிரைக் கதை கேட்க வைத்துவிட்டாள். முப்பது பக்கத்துக்கு மேல் போக முடியாத கதையாமே!

கட்டிலருகே நின்றிருந்த யோகராஜ், அந்தப் பெண்ணிடம் குனிந்து என்னவோ பேசினான். சுசித்ரா திடுக்கிட்டாள். அவன் பேசியது இந்தி.

“ஜார்க்கண்டுப் பிள்ளைக்கா. மலைக்கு வந்து நாலு நாளுதான் ஆச்சு. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன்.”

சுசித்ரா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளைக் கைகாட்டி மெதுவாக ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?”

யோகராஜ் தலையைச் சொறிந்தான். “நீங்க பேசுனது ஒண்ணுமே வெளங்கலையாம்க்கா. ஆனா, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்குது.”