மனம்விட்டுப் பேச ஒரு நம்பர்

பள்ளியின் நிர்வாக மேனேஜர் வீட்டுக்குள் நுழைந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ரிப்பேரான தண்ணி மோட்டார், டிரைவரின் லீவு, உடைந்த பெஞ்சு எல்லாவற்றுக்கும் வழி சொல்லிவிட்டு, போனை அடுப்பு மேடையில் வைத்துக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"உங்க ஸ்கூல் கேட்ல புதுசா போர்டு இருக்கே, பார்த்தியா?" என்றான் கணவன். "'வேலைப்பளு தாங்கலையா? மனம்விட்டுப் பேசுங்கள்'னு நம்பரும் போட்டிருக்கு."

"மாட்டினதே நான்தாங்க."

"அப்ப பேச வேண்டியதுதானே? தூக்கத்துல கூட 'பெல் அடிச்சாச்சா'ன்னு கேக்குற."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்."

"டீயில உப்பைப் போட்டுக் கலக்கிக்கிட்டே அதைச் சொல்லாதே."

"வேணாங்க, விடுங்க."

"நீ பேச மாட்டே. நானே பேசுறேன்." போர்டைப் படம் எடுத்து வைத்திருந்தவன், அதைப் பார்த்து நம்பரை அழுத்தினான்.

அவளுடைய கைப்பைக்குள் இன்னொரு போன் அடித்தது.

பெருமூச்சோடு அதை வெளியே எடுத்தாள். "இதுக்குன்னு தனியா ஆள் போட முடியாதாம். 'எல்லாத்தையும் நீங்கதானே பார்க்கறீங்க, இதையும் பார்த்துக்கோங்க'ன்னு ஹெட்மாஸ்டர் என் தலையில கட்டிட்டாரு."

கணவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவளைப் பார்த்தபடியே, "ஹலோ, என் பொண்டாட்டி வேலை வேலைன்னு ஓடிக்கிட்டே இருக்கா. என்ன பண்ணலாம்?" என்றான்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"முதல்ல அவங்க கையிலேர்ந்து கரண்டியை வாங்குங்க, சார்."