நீலப் படகின் கீறல்

ஒரு நீல ஃபைபர் படகின் விலாவில் நங்கூரம் உரசி, விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. உப்புத்தாள் வந்து தேய்க்க ஆரம்பித்தது.

"ஐயையோ, பெரிசாக்குறியே!" என்று படகு அலறியது.

"ஓரத்தைச் சொரசொரப்பாக்கினாத்தான் பூச்சு பிடிக்கும். பொறுத்துக்கோ" என்றது உப்புத்தாள்.

அதே நீலத்தில் ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசி, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்துவிட்டது. "இனி தண்ணி இறங்காது. சாளை மீன் வந்திருக்காம், கிளம்பு."

படகு கிளம்பவில்லை. அந்தப் பக்கம் வந்த நண்டை நிறுத்தியது.

"தெரியுதா?"

"எது?"

"இங்கே, கீறல் இருந்த இடம்."

நண்டு கண்ணை நீட்டிப் பார்த்தது. "நீ சொன்னப்புறம் லேசாத் தெரியுது."

படகு நொந்துபோய்க் கொக்கைக் கேட்டது, நாயைக் கேட்டது. மதியத்துக்குள் கீறல் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. மற்ற படகுகளோ எப்போதோ போயிருந்தன.

கடைசியில் கடல் ஏறிவந்து, ஒரு அலை படகைத் தூக்கியது. "அலையே, உனக்குமா தெரியுது?" என்று படகு முனகியது.

அலை அதன் விலா முழுக்கத் தடவிப் பார்த்தது. "எந்த இடத்தைச் சொல்றே?"

படகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பியது.

"ஒண்ணுமில்ல. சாளை எந்தப் பக்கம்?"