பெண்டாட்டிக்கு ஒரு ரிவால்வர்

“என் பெண்டாட்டிக்கு ஒரு ரிவால்வர் வேணும். சும்மா தகர டப்பாவைச் சுடத்தான். இருநூறு டாலருக்குள்ள காட்டு” என்றார் வெர்னன், அந்த ஒக்லஹோமா துப்பாக்கிக் கடையே தன்னுடையது போல. “பெரிய துப்பாக்கின்னா அவ சுடும்போது கண்ணை மூடிக்கறா.”

கடைக்காரி ஓபல் சின்ன ரிவால்வர் இரண்டை எடுத்து, போலித் தோட்டா போட்டுக் கொடுத்தாள்.

“சுவரைப் பார்த்து நீங்களே விசையை இழுத்துப் பாருங்கண்ணே.”

முதலாவதை இழுத்தார். “விசை கடினமா இருக்கு. அவளுக்கு ஒத்துவராது.”

இரண்டாவதை இழுத்தார். “பூ மாதிரி இருக்கு. இதையே குடு.”

ஓபல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தான் எடுத்திருக்கீங்க. காலையிலேயே அண்ணி போன் பண்ணாங்க.”

“என்னன்னு?”

“‘என் பேரைச் சொல்லிக்கிட்டு எங்க வீட்டுக்காரர் வருவார். எதை இழுக்கும்போது அவர் கண்ணை மூடலையோ, அதைக் கொடுத்தனுப்பு’ன்னாங்க.”