அப்பாவின் கல்யாண வேட்டி

“ரெண்டு தம்பிங்கள முய்ங்கினவ அவ. அவ கையில புள்ளயக் குடுக்காத.”

ராயபுரம் ஆஸ்பத்திரியில் பத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி என் அத்தை பூவம்மா சொன்னாள்.

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். என் அக்கா கார்குழலியின் மகன். பிறந்து இன்று ஏழாம் நாள். வீட்டுக்குப் போகிறோம்.

எனக்குப் பின் பிறந்த தம்பிகள் ஏழாம் நாளைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் மஞ்சள் ஏறி, பால் குடிக்காமல், ஒருவன் நான்காம் நாள் போனான், ஒருவன் ஐந்தாம் நாள். அவர்களுக்கு முன்னால் பிறந்து, பிழைத்துக் கிடந்தது என் குற்றம்.

இருபது வருடம் அந்தப் பெயரோடு புளியந்தோப்பில் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். உயிர்வேதியியல் எடுத்ததே இந்த ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லத்தான்.

போன வருடம், 2002இல், நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் மரபணு ஆய்வுக்கு ரத்தம் கேட்டார்கள். முதலில் என் கையை நீட்டினேன். பிறகு அம்மாவையும் அக்காவையும் இழுத்துப் போனேன். மூவரிடமும் ஒரே கோளாறு.

பெண்கள் சுமப்போம், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆண் குழந்தைக்கு வந்தால், சில மருந்து, சில நெடி பட்டாலே ரத்தத்தின் சிவப்பணு உடையும். படாமல் பார்த்துக்கொண்டால் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்வான்.

அக்கா ஐந்து மாதமாக இருந்தபோதே டாக்டர் மேசையில் அந்த ரத்தச் சோதனைச் சீட்டை வைத்தேன். இவன் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். இவனுக்கும் இருந்தது.

ஆறு நாள் காவல் இருந்தேன். என்னைக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்து இல்லை. வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர விடவில்லை.

இப்போது அவன் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன். மஞ்சள் இல்லை. எரிச்சலில் காலை உதைத்தான்.

டாக்டர் கொடுத்த தாளைப் பிரித்தேன். “யாரு முய்ங்கினதுன்னு கேட்டுக்கோ அத்த!” வார்டே திரும்பிப் பார்க்க, கத்தி வாசித்தேன். சில மலேரியா மாத்திரை கூடாது. சல்ஃபா மருந்து கூடாது. மஞ்சள் தெரிந்தால் உடனே தூக்கிவர வேண்டும். “என் ஜாதகம் எங்கியாவது எழுதிக்கீதா?”

“அப்போ உங்கம்மா ரத்தம்தான் கெட்ட ரத்தம்.”

“உன் ரத்தத்தையும் ஒரு சொட்டு குடு அத்த. உள்ள இன்னா இன்னா கீதுன்னு பாத்துடலாம்.”

பக்கத்துக் கட்டில்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அத்தை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அம்மா பையிலிருந்து அப்பாவின் கல்யாண வேட்டியை எடுத்தாள்.

பழைய துணியில்தான் பிள்ளையை வீட்டுக்கு எடுத்துப் போவது எங்கள் வழக்கம். பெண்ணுக்குக் கிழிந்த பாவாடை. ஆணுக்குப் பெட்டியில் வைத்திருந்த இந்த வேட்டி. என் தம்பிகளையும் இதில்தான் சுற்றினாள்.

“இத்தினி வருசம் பெட்டியிலயே வச்சிருக்கேன்டி. ஒரு பூச்சி அரிக்கல பாரு” என்று விரித்தாள். பெட்டி நெடி மூக்கில் ஏறியது.

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வேட்டியைப் பறித்தேன்.

“இது எனக்கு. பொட்டப்புள்ளன்னு அப்போ குடுக்கலல்ல? இப்போ குடு.”

அம்மா முறைத்தாள். பிறகு இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். “எட்த்துக்கோடி. நீதான் இந்த வூட்டு ஆம்பள.”

“ஆம்பள பட்டம்லாம் வேணாம். வேட்டி போதும்.”

என் காலேஜ் துப்பட்டாவில் அவனைச் சுற்றச் சொன்னேன். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, வாசல்வரை அவர்களுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன். ஆட்டோவில் இடம் இருக்கிறது வா என்றாள் அம்மா. பஸ்ஸில் வருகிறேன் என்றேன். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அவன் கத்தியது கேட்டது. நல்ல தொண்டை.

தாளை மறுபடி பிரித்தேன். நான் வாசிக்காமல் தாண்டிய வரி அங்கே இருந்தது: அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குச் சுற்றக் கூடாது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் வாழ்நாளில் முதல்முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.