சத்தியபாயின் பிரம்மாஸ்திரம்

“பிரம்மாஸ்திரம்னா என்னவாக்கும்?” மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே பின்சி கேட்டாள்.

அவள் புருஷன் சஜனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காரோடு என்கிற அந்த ஊரின் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றவன்தான். ஆனாலும் அரசியலில் ஒரு சந்தேகம் என்று யாராவது வந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். டி.வி.யை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அது கடைசி ஆயுதம். பேசிப் பாத்து, கெஞ்சிப் பாத்து, போராட்டம் பண்ணிப் பாத்து, ஒண்ணும் நடக்கல்லன்னா எடுக்கியது. கூட்டணிக் கட்சி ஆதரவ வாபஸ் வாங்கி ஆட்சியக் கவுக்கும்லா, அது மாதிரி. எய்தவனுக்கும் சேதம் உண்டு. அதனால முக்காவாசிப் பேரு காட்டிப் பயமுறுத்துவானே தவிர எய்ய மாட்டான். இப்ப உனக்கு என்னத்துக்கு அது?”

“எனக்கு எதுக்கு? சத்தியபாய் மைனி அடுத்த வீட்டு தங்கபாய்க்கிட்ட சொன்னாவளாம். ஞாயிறாச்சை வரை பாப்பேன், பெறவு எனக்க கையில ஒரு பிரம்மாஸ்திரம் உண்டுன்னு.”

சஜன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

விஷயம் ஊருக்கே தெரியும். சத்தியபாய் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. அவள் வீடு இவன் வீட்டுக்குப் பின்னால். போக ஓர் ஒற்றையடி வழிதான். அத்தான் எலியாவுக்கு முழங்கால் முட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் ரோடு வரை தூக்க வேண்டும். சஜன் மூன்றடி விட்டுக்கொடுத்தால் ஆட்டோ வாசல் வரை போகும். அக்கா கேட்டாள், சபை மூப்பர் கேட்டார். முடியவே முடியாது என்றுவிட்டான். தேர்தலில் எதிராளியின் போஸ்டரைத் தன் சுவரில் ஒட்டவிட்டாளே, அந்தக் கொதிப்பு. சொந்த அக்கா வீட்டுச் சுவரிலேயே எதிராளி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் எந்த வேட்பாளருக்குத்தான் பொறுக்கும்? வழி தர மறுத்த அன்றோடு அவளிடம் பேச்சும் நின்றது.

அது கிடக்கட்டும், என்ன ஆயுதம் அது? சஜனுக்கு மண்டை குடைந்தது. கேஸ் போடுவாளோ? போடட்டும், தீர்ப்பு வருவதற்குள் அத்தானுக்கு மற்ற முட்டும் தேய்ந்துவிடும். பஞ்சாயத்து மெம்பரிடம் போவாளோ? பத்திரம் இவன் பெயரில் பத்திரமாக இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து டி.வி.க்காரர்களைக் கூட்டி வந்துவிட்டால் என்று பின்சிதான் ஒரு பேச்சைக் கிளப்பினாள். அதற்குப் பிறகு சஜன் விடிந்ததும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனான். கேமரா எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

நேரில் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. உளவு பார்க்கப் பின்சியை அனுப்பினான். நானாவது அவிய வீட்டுப் படி ஏறுவதாவது என்று முகத்தைச் சுளித்தவளை, அவனே தாஜா பண்ணித் தள்ளிவிட்டான். தினம் போனாள், தினம் வெறுங்கையோடு வந்தாள்.

“மைனி வாயத் தொறக்கல்ல. ஆனா முகத்துல ஒரு தெளிச்சம் உண்டு. எனக்குப் பயமாக்கும்.”

சனிக்கிழமை சாயங்காலம் சஜனுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. பின்சிக்கே பாவமாகிவிட்டது. காலையில் ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போய்விடலாம், அங்கே வைத்து ஒருத்தரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று தைரியம் சொன்னாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் வழக்கம்போல, கிடைத்த நன்மைக்கு நன்றியாகச் சபையார் கொடுத்த ஸ்தோத்திரக் காணிக்கைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் மகனுக்கு வேலை, ஒருவர் மகளுக்கு விசா. சஜன் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தான்.

“அடுத்து, எலியா, சத்தியபாய் குடும்பத்தார். தங்கள் வீட்டுக்கு வண்டி வர மூன்றடி நிலம் விட்டுக்கொடுக்க, சகோதரர் சஜனுக்கு நல்ல மனதைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை.”

சபை முழுதும் “ஸ்தோத்திரம்” என்றது. அத்தனை முகமும் சஜன் பக்கம் திரும்பியது. மூப்பர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். இனிமேல் இல்லை என்று சொல்வதானால் கர்த்தருக்குச் சொன்ன நன்றியையே வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டும். சஜன் எழுந்து நின்று, ஆமாம் என்று தலையாட்டினான். அடிப்பாவி, இதுதானா அது! கோபத்தை மீறி வியப்பு வந்தது. கட்சியில் இத்தனை வருஷம் கொடி பிடித்தும் இப்படி ஓர் அடியை அவன் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சத்தியபாய் ஓடி வந்து அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“சரி அக்கா, நான் தோத்தாச்சு,” என்றான் சஜன். “உனக்க பிரம்மாஸ்திரம் கொள்ளாம், நல்ல அடிதான்.”

சத்தியபாய் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

“எனக்க தம்பிக்கு எதிரா எனக்கு என்ன அஸ்திரம் மக்கா? நீ வழி தர சம்மதிச்சாச்சுன்னு பின்சி செவ்வாச்சையே வந்து சொன்னாளே. ஞாயிறாச்சை சபையில ஸ்தோத்திரம் சொல்லுத வரை உனக்கிட்ட மூச்சு விடாண்டாம்னும் அவதான் சொன்னா.”