பாட்டு வந்தால் எழுந்து போகிறவர்

“அக்கா, பாரேன்! மறுபடியும் எழுந்துட்டான் அந்த ஆளு!”

இசையமைப்பாளன் பல்லைக் கடித்தான். இரண்டு வரிசை முன்னால் ஒரு வழுக்கைத் தலை இருட்டில் குனிந்து, நாலு பேர் காலை மிதித்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிற்று.

“போனா போறாரு. நீ படத்தைப் பாருடா” என்றாள் அக்கா.

எங்கே பார்ப்பது? அது என்ன சாதாரண வழுக்கையா? உள்ளூர்ப் படம், உள்ளூர்ப் பாட்டு எதையும் விடாமல் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் எழுதுகிற விமர்சகர். ஊரில் அவருக்கு ‘முள்ளு’ என்று பெயர். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் படம் இன்னொரு வாரம் ஓடும். இல்லாவிட்டால் திங்கட்கிழமையே தூக்கிவிடுவேன் என்று தியேட்டர்க்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவனுக்கோ இது முதல் படம்.

அதிலும் கொடுமையைப் பாருங்கள். பேச்சு, சண்டை, அழுகை எல்லாவற்றுக்கும் மனுஷர் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பாட்டு வந்தால் போதும், சூடு பட்ட மாதிரி எழுந்து ஓடுகிறார்!

அப்பாவும் மகளும் பாடுகிற பாட்டு. இடைவேளைக்கு முன்னாலேயே மூன்று இடத்தில் வருகிறது. மகள் வலப்பக்கமிருந்து கேட்க, அப்பா இடப்பக்கமிருந்து பதில் சொல்வது போல அவன் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்த பாட்டு.

“தம்பி, இந்தப் பாட்டுல...” அக்கா அவன் தோளைத் தொட்டாள்.

“சும்மா இருக்கா! அவன் வர்றானான்னு பார்த்துட்டிருக்கேன்.”

வந்தார். பாட்டு முடிந்த பிறகு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. உட்கார்ந்ததும் நோட்டில் என்னவோ கிறுக்கினார்.

“பிடிக்கலைன்னா திட்டி எழுதட்டும்க்கா. கேட்டுட்டுத் திட்டணுமா இல்லையா? பாட்டே கேட்காம விமர்சனம் எழுதற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!”

“மெதுவாடா, எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா...”

பாட்டு மூன்றாம் முறை தொடங்கியது. வழுக்கை எழுந்தது.

“போதும்!” அவனும் எழுந்துவிட்டான். “நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காம விடப்போறதில்லை.”

அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போனான்.

கேன்டீனில் ஆள் இல்லை. பாத்ரூமில் இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவினான். முதல் கேள்வி, ‘நீயெல்லாம் மனுஷனா’வா, ‘உனக்குக் காது இருக்கா’வா? காதையே கேட்பது என்று முடிவு செய்துகொண்டான்.

மேலே, படம் ஓட்டுகிற அறையின் கதவு திறந்தது. விமர்சகர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வெளியே வந்தார். இவன் முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்பாடா! நீங்களும் இதைச் சொல்லத்தான் ஓடி வந்தீங்களா தம்பி? ஆரம்பத்துலேர்ந்தே இடது பக்க ஸ்பீக்கர் ஊமையா கிடக்கு. பொண்ணு கேள்வி கேட்குது, அப்பா வாயசைக்கிறாரு, பதிலைக் காணோம்! மூணு தடவை ஏறி வந்து கத்தினப்புறம் இப்பத்தான் அசைஞ்சாங்க. முதல் படமாம். பாவம், அந்த இசையமைப்பாளர் மட்டும் உள்ளே இருந்திருந்தா துடிச்சுப் போயிருப்பாரு. நான் நாளைக்கு மறுபடி வந்து, முழுசா கேட்டுட்டுத்தான் எழுதப்போறேன்.”

கீழே, ஹாலுக்குள்ளிருந்து, அப்பாவின் குரல் முதல் தடவையாகக் கேட்டது.

“அது சரி, உங்களுக்கு எந்த இடத்துல தெரிஞ்சுது?” என்று கேட்டார் விமர்சகர்.

“இப்பத்தான் சார்” என்றான், அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவன்.